கூழைக்கடாவின் மூக்கு

விபத்தில் நசுங்கிய கார்களைச் சுற்றி வந்து, எது இடித்ததால் வந்த சேதம், எது முன்பே இருந்த சேதம் என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது சர்வேயரின் வேலை. பிறர் வண்டியில் குறை கண்டுபிடித்தே குடும்பம் நடத்தியவர். அந்தக் குணம் வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டுகிற சட்டை இல்லையே! கதவு தரையைத் தேய்க்கிறது என்பார். காபியில் சர்க்கரை ஒரே பக்கமாக நிற்கிறது என்பார். அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். நாள் முழுக்க அலறல் கேட்டுப் பழகிய காது. இந்த முனகலெல்லாம் அதில் ஏறாது.

சர்வேயருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. அதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் மட்டும் அவருக்குக் கெட்ட கோபம் வரும். நிஜ விமானத்தைச் சுருக்கி, பாகம் பாகமாகப் பிளாஸ்டிக்கில் வார்த்து, பெட்டியில் போட்டு விற்பார்கள். அதற்குக் கிட் என்று பெயர். வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசினால் அலமாரியில் வைக்க அச்சு அசலாக ஒரு விமானம் கிடைக்கும். சர்வேயர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பிரிக்காத பெட்டிகள் ஒரு குட்டி நாட்டின் விமானப்படைக்குக் காணும். ஒட்டி முடித்தது என்னவோ நாலைந்துதான். நல்ல பொருளை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாடல் கம்பெனி, 'கூழைக்கடா விரைவில் வருகிறது' என்று அறிவித்தது. கூழைக்கடா என்பது, பெரிய அலகுள்ள நீர்ப்பறவையின் பெயரைச் சுமந்த பழைய போர்க்காலத்துக் கடல் விமானம். நாலு எஞ்சின், படகு போன்ற வயிறு, தண்ணீரில்தான் இறங்கும், தண்ணீரிலிருந்துதான் எழும்பும். கொஞ்சம் பேர் ஓட்டினார்கள், கொஞ்சம் பேர் அதோடு மூழ்கினார்கள். மிச்சமிருந்தவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் எஞ்சியிருப்பது மூன்றே மூன்று புகைப்படங்கள். அதுவரை எந்தக் கம்பெனியும் அதைத் தொட்டதில்லை.

அறிவிப்பைப் படித்த அன்றே சர்வேயர் கூடத்து அலமாரியின் மேல்தட்டைக் காலிசெய்து துடைத்துவைத்தார். அந்தத் தட்டில் ஒரு டம்ளர் வைத்தால்கூட, "அது கூழைக்கடாவோட இடம்" என்று எடுத்துவிடுவார்.

"நான் பாக்குற வேலைல பத்து மாசத்துல புள்ளையே கைக்கு வந்துடுது," என்றாள் மனைவி, நாலாவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ. "உங்க கம்பெனிக்காரன் எந்த யானையைச் சுமக்குறான்னு தெரியலையே."

"தரமான பொருள்னா தாமதமாத்தான் வரும்."

"அப்ப உங்க சொந்தக்காரங்க எல்லாம் ரொம்பத் தரமானவங்கதான். ஒருத்தரும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி வந்ததில்ல."

சர்வேயரைப் போலவே இதில் கிறுக்குப் பிடித்தவர்கள் அந்த ஊரில் மூன்று பேர் இருந்தார்கள். முதல் ஆள் அவருடைய சொந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பேருந்து நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இரண்டாவது, பல் டாக்டர். சங்கத்துக்குத் தலைவர் அவர்தான். காரணம், கூட்டம் நடப்பது அவருடைய கிளினிக்கின் மாடியறையில். மூன்றாவது ஆளுக்குக் கோந்து என்று பட்டப்பெயர். டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போட்டுக்கொடுப்பவன். விரலெல்லாம் பசை, செய்கிற விமானமெல்லாம் கைரேகை. ஆனால் வாங்கிய கிட்டை வாங்கிய வாரமே ஒட்டி முடித்துவிடுவான். அதனாலேயே மற்ற மூவருக்கும் அவன்மேல் ஓர் இளக்காரம். "அவன் வெறும் ஒட்டுறவன்" என்பார் டாக்டர், ஏதோ கெட்ட பழக்கத்தைச் சொல்வதுபோல.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். கீழே கிளினிக்கின் மருந்து வாடை, மேலே பெயின்ட் வாடை. சுவரில் கூழைக்கடாவின் மூன்று படங்களையும் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். விவாதம் இரண்டு. ஒன்று, கிட் வருமா வராதா. இரண்டு, கூழைக்கடாவின் மூக்கு தொங்குமா, நேராக இருக்குமா.

சர்வேயர் தொங்கும் கட்சி. "மூணு டிகிரி கீழ இறங்குது. இடிச்ச வண்டி எத்தனை பாத்திருக்கேன்! எனக்குத் தெரியாத வளைவா?"

மச்சான் நேர் கட்சி. "அத்தான், அது லென்ஸ் பண்ற வேலை. அந்தக் காலத்து லென்ஸ் ஓரத்தை வளைச்சுக் காட்டும். லென்ஸைப் பத்தி எனக்குத்தான் தெரியும்."

"அப்ப ரெண்டாவது படத்துல ஏன் தொங்குது?"

"ரெண்டாவது படத்துல மூக்கே நிழல்ல இருக்கு. இல்லாத மூக்கு உங்களுக்கு எப்படித் தொங்கும்?"

மூன்றாவது படம் பின்னாலிருந்து எடுத்தது. அதில் மூக்கு இருக்க வழியே இல்லை. அதைப் பற்றியும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசினார்கள்.

ஞாயிறு போதாதென்று இணையத்தில் ஒரு குழுவும் வைத்திருந்தார்கள். மாடல் பிரியர் யாரும் சேரலாம். அதில் கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை சோதனை மாதிரியின் படம் போடும். போட்ட நாழிகையில் குழு பற்றிக்கொள்ளும். 'இது கூழைக்கடாவா, கோழிக்குஞ்சா?' என்று ஒருவர் எழுதுவார். 'இதை வரைந்தவர் விமானத்தை விடுங்கள், வாத்தையாவது பார்த்திருக்கிறாரா?' என்று இன்னொருவர். 'காண்டாமிருகத்துக்கு மூக்கு வரைந்து பழகியவரை ஏன் வேலைக்கு வைத்தீர்கள்?' என்று சர்வேயர் எழுதியதற்கு நாற்பது பேர் கைதட்டினார்கள். ஒரு வாரம் கழித்துக் கம்பெனி, 'சில திருத்தங்கள் தேவைப்படுவதால் வெளியீடு அடுத்த வருஷம்' என்று அறிவிக்கும். உடனே அத்தனை பேரும், 'இன்னுமா தாமதம்! வாடிக்கையாளர்மேல் அக்கறை இருக்கிறதா?' என்று மறுபடி பாய்வார்கள். அந்தக் குழுவில் மைனா என்ற பெயரில் ஓர் உறுப்பினர் மட்டும் எப்போதும் படிப்பார், எதுவும் எழுதமாட்டார். டாக்டரின் கிளினிக் வரவேற்பில் இருக்கும் பெண்ணாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள்.

பத்தாவது வருஷத்தில் சர்வேயர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்ல பையன். மாப்பிள்ளையின் அம்மா பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்ற உயரம், கண்டிப்பான பார்வை, அந்தப் பார்வைக்கு முன்னால் வந்து நிற்கிற எடுப்பான மூக்கு.

வரவேற்பு அன்றைக்கு மண்டபத்தின் ஒரு மூலையில் சர்வேயர், மச்சான், டாக்டர் மூவரும் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு ஒதுங்கினார்கள். கம்பெனி அன்று காலைதான் புதுப் படம் போட்டிருந்தது. பெண்ணைப் பெற்றவர் என்ற நினைப்பே இல்லாமல் சர்வேயர் கைப்பேசியை நீட்டினார்.

"பக்கவாட்டுல பாரு மச்சான். தொங்கலைன்னு இன்னொரு தடவை சொல்லு பாக்கலாம். கண்ணிருக்கிறவன் எவனும் சொல்வான், அது தொங்குற மூக்குன்னு."

"தொங்கல அத்தான். போட்டோல அப்படித் தெரியுது. நேர்ல நேராத்தான் இருக்கும். கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்."

"கொஞ்சமா? முதல்ல மூக்கு வருது, அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் மத்ததெல்லாம் வருது!"

டாக்டர் ஸ்பூனை நக்கிவிட்டுச் சொன்னார். "எனக்கு மூக்குகூடப் பரவாயில்ல. அந்தக் கீழ்த்தாடைதான் உறுத்துது. எவ்வளவு முன்னால துருத்திட்டு நிக்குது பாருங்க."

"வயித்தைச் சொல்லுங்க டாக்டர்," என்றார் சர்வேயர். "இவ்வளவு அகலமா வயிறு இருந்தா உக்காந்த இடத்தைவிட்டு எப்படி எந்திரிக்கும்?"

"வயசான டிசைன்," என்றார் மச்சான். "அந்தக் காலத்துல அதுதான் அழகுன்னு நெனச்சிருப்பாங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே திரும்பினால், மணமேடையில் எடுத்த புகைப்படங்களைக் காட்டுவதற்காகப் புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்த சம்பந்தியம்மா பின்னால் நிற்கிறார். எத்தனை நேரமாக நிற்கிறார் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையைப் பார்ப்பதுபோல மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, குடும்பப் படத்துக்குக்கூட நிற்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

மனைவிக்கு விஷயம் தெரிய மண்டபம் காலியாகும் வரை ஆகவில்லை.

"பொண்ணைக் குடுத்த வீட்டம்மா மூக்கு தொங்குது, தாடை துருத்துது, வயிறு எந்திரிக்காதுன்னு ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டே பேசியிருக்கீங்க. நீ என்ன வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்தேன்னு சொந்தமெல்லாம் என்னைக் கேக்குறாங்க."

"அது விமானம்டி!"

"நீயும் சேந்து பேசினியாடா?" என்று தம்பியைப் பார்த்தாள்.

"நான் நேரா இருக்குன்னுதான்க்கா சொன்னேன்!"

மறுநாள் காலையில் இருவரையும் முன்னால் விட்டு, பின்னால் அவள் நடந்து, சம்பந்தி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சாட்சிக்கு அந்த மூன்று படங்களும் போயின. சம்பந்தியம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மச்சான் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேஜைமேல் இருந்த முதல் படத்தை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். இறுகியிருந்த முகம் மெல்லத் தளர்ந்தது.

"இதுக்கா இவ்வளவு? விமானந்தானா?" என்றார். "ஆனா இது நேராத்தானே இருக்கு? எங்க தொங்குது?"

அத்தோடு விட்டிருந்தால் காரியம் சுபம். சர்வேயருக்கு நாக்கு நிற்கவில்லை.

"இல்லீங்க சம்பந்தி. நல்லாப் பாருங்க. கண்ணாடி முடியிற இடத்துலேருந்து ஒரு கோடு..."

மனைவி அவர் கால்விரல்மேல் தன் குதிகாலை வைத்து ஊன்றினாள். பிரசவ வார்டில் நாள் முழுக்க நின்று உறுதியான குதிகால். சர்வேயர், "நேராத்தான் இருக்கு" என்று கண்ணில் நீர் முட்டச் சொன்னார்.

சம்பந்திக்குக் கோபம் தீர்ந்தது. அத்தான் மச்சான் உறவு அறுந்தது. மச்சான்தான் முன்னாலேயே போன் போட்டு அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்று சர்வேயர் நம்பினார். தொங்காத மூக்குக்காக என் கடையில் பாதி மரியாதையை இழந்தேன் என்று மச்சான் சொல்லித் திரிந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் அறையின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து, "அவர்கிட்டச் சொல்லுங்க டாக்டர்", "இவர்கிட்டக் கேளுங்க டாக்டர்" என்று பேசினார்கள். அதற்கடுத்த வாரம் சங்கம் இரண்டானது. நேர் மூக்குச் சங்கம் காலையில் கூடும், தொங்கு மூக்குச் சங்கம் மாலையில் கூடும். டாக்டர் இரண்டுக்கும் தலைவர். கோந்து இரண்டுக்கும் வருவான், ஏதாவது ஒட்டிக்கொண்டிருப்பான். "எந்த மூக்கா இருந்தாலும் பசை ஒட்டும்ல?" என்று ஒருமுறை கேட்டான். இரண்டு சங்கமும் ஒற்றுமையாக அவனைக் கண்டித்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

மறு வருஷம் பொது நூலகத்தின் மாடியில் மாடல் கண்காட்சி வைத்தார்கள். இரண்டு சங்கத்துக்கும் தனித்தனி மேஜை. நடுவே டாக்டர், கல்யாண வீட்டில் இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஆள் மாதிரி, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மேஜையில் சர்வேயர் பிரிக்காத பெட்டிகளை அழகாக அடுக்கியிருந்தார். எதிர் மேஜையில் மச்சானும் பிரிக்காத பெட்டிகளையே அடுக்கியிருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் கோந்துவின் கைரேகை விமானங்களைச் சுற்றி நின்றார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், தோளில் துணிப்பை மாட்டிய ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தூங்கிப் பல வருஷமானவள் போன்ற கண்கள். பையிலிருந்து எழுத்தே இல்லாத ஒரு வெள்ளை அட்டைப்பெட்டியை எடுத்து டாக்டர் மடியில் வைத்தாள்.

"கூழைக்கடா," என்றாள்.

சர்வேயர் தன் மேஜையிலிருந்தும் மச்சான் தன் மேஜையிலிருந்தும் ஒரே நேரத்தில் எழுந்து வந்தார்கள்.

"நீங்க கம்பெனியா?" என்றார் டாக்டர்.

"நான்தான் டிசைனர். இதை வரைஞ்சது நான். உங்க குழுவுல என் பேரு மைனா."

டாக்டர் தன் வரவேற்புப் பெண்ணிடம் இத்தனை நாளாகக் குழுவைப் பற்றிக் கண்ணடித்துப் பேசியதையெல்லாம் நினைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாத்தையாவது பாத்திருக்காரான்னு கேட்டது யாரு?" என்றாள் அவள். மச்சான் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். "காண்டாமிருகத்துக்கு மூக்கு வரையிறவன்னு எழுதினது?"

சர்வேயர் தொண்டையைச் செருமினார். "பொதுவாச் சொன்னது. தனிப்பட்ட முறைல இல்ல."

"கிட் ஏன் இவ்வளவு லேட்டுன்னு மாசாமாசம் கேட்டீங்கள்ல? சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ரெண்டாவது வருஷமே பிளாஸ்டிக்கை வார்க்கிற அச்சு தயாராயிடுச்சு. மெஷின்ல மாட்ட வேண்டியதுதான் பாக்கி. எங்க முதலாளி, வாங்கப்போறவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துடுவோம்னு என்னை உங்க குழுவுல சேரச் சொன்னார். படம் போட்டோம். மூக்கு தொங்கணும்னு எழுதினீங்க. எஃகு அச்சைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வெட்டினோம். தொங்கவிட்டுப் படம் போட்டோம். நேரா இருக்கணும்னு எழுதினீங்க. மறுபடி வெட்டினோம். அப்புறம் தொங்கணும்னு எழுதினீங்க. அப்புறம் தாடை."

டாக்டர் தன் தாடையைத் தடவிக்கொண்டார்.

"எங்க முதலாளி பயந்துட்டார். இத்தனை பேர் சொல்றாங்களே, விட்டா ஒருத்தரும் வாங்க மாட்டாங்களேன்னு. நானும் நம்பினேன். போன வருஷம் சும்மா உக்காந்து பழசெல்லாம் மறுபடி படிச்சேன். 'வானம்பாடி', 'உண்மை விளம்பி', 'ஓய்வுபெற்ற விமானி'ன்னு மூணு பேர் மூக்கு தொங்கணும்னு எழுதுறாங்க. மூணு பேருமே 'கோணம்'ங்கிறதுக்கு ரெண்டுசுழி 'ன' போடுறாங்க."

சர்வேயரின் காது சிவந்தது. மச்சான் பத்து மாதத்தில் முதல்முறையாக அவரிடம் நேராகப் பேசினார். "ஓய்வுபெற்ற விமானி நீங்களா அத்தான்? அந்த ஆள் கால்ல விழாத குறையா நான் சந்தேகம் கேட்டிருக்கேனே!"

"சிரிக்காதீங்க," என்றாள் அவள் மச்சானிடம். "நேரா இருக்கணும்னு எழுதின நாலு பேரும் ராத்திரி கடை சாத்துற நேரத்துலதான் வருவாங்க. ஞாயித்துக்கிழமை நாலு பேருக்கும் லீவு."

இப்போது சர்வேயருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கியவர், கேட்காமல் இருக்க முடியாத கேள்வியைக் கேட்டார். இத்தனை பேச்சும் அவர் காதில் விழுந்ததா என்றே சந்தேகம்.

"அதெல்லாம் சரிம்மா. இப்ப பெட்டில எந்த மூக்கு இருக்கு?"

அவள் பெட்டியை விரலால் தட்டினாள்.

"ரெண்டும்," என்றாள். "தொங்குறது ஒண்ணு, நேரா ஒண்ணு. தாடையும் ரெண்டு. வேணுங்கிறதை ஒட்டிக்கோங்க. அடுத்த மாசம் கடைக்கு வருது. நாடு பூரா மாடல் செய்யிறவங்க இருக்காங்க, அவங்க எல்லாம் எதுவும் எழுதாம சும்மா காத்துக்கிட்டிருந்தாங்கன்னு இப்பத்தான் எங்களுக்குத் தெரியுது."

எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். படியிறங்கும்போது, மச்சான் பழக்கதோஷத்தில், "பாருங்க, வராது" என்றது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போனாள்.

வந்தது. அடுத்த மாதமே வந்தது.

கோந்து அந்த வாரமே ஒட்டி முடித்தான். பெட்டியைத் திறந்ததும் கையில் எந்த மூக்கு முதலில் அகப்பட்டதோ அதை வைத்தான். எது என்று கேட்டதற்கு, "பாக்கல சார்" என்றான். டாக்டர் தாடைகள் இரண்டையும் வைத்து ஒப்பிட்டு, இரண்டுமே தவறு என்று குழுவில் எழுதினார். மச்சான் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. முதல் பதிப்பில் பிழை இருக்கும், திருத்திய பதிப்பு வரட்டும் என்றார்.

சர்வேயர் பெட்டியைத் திறந்து மேஜையில் பரப்பினார். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. கடைசியாகக் கத்தியும் பசையும் பிடித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அரிசி மாதிரி இருந்த பாகங்கள் கண்ணுக்கு எறும்பு மாதிரி ஊர்ந்தன. இடுக்கியால் பிடிக்கப்போனால் பாகம் ஒரு பக்கம், இடுக்கி ஒரு பக்கம். பதினோரு வருஷமாக ஒரு விமானத்தின் மூக்கைப் பற்றிப் பேசியவருக்கு, அதைக் கையில் எடுத்தபோது மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. பேசாமல் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாமா என்று நினைத்தார்.

"கண்ணு டெஸ்ட் பண்ணுங்க," என்றாள் மனைவி. "என் தம்பி கடையைத் தாண்டிப் போய் வேற கடைல கண்ணாடி வாங்கினா நான் சும்மா இருக்கமாட்டேன்."

மச்சான் கடையில் அன்று கூட்டமில்லை. இருவரும் வாடிக்கையாளரும் கடைக்காரருமாக, மரியாதையாக, முகம் பார்க்காமல் நடந்துகொண்டார்கள். "தாடையை இதுல வைங்க சார்" என்றார் மச்சான். "சார்" என்ற சொல் சர்வேயருக்கு ஊசியாகக் குத்தியது. மச்சான் ஒரு கண்ணை மூடி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, சுற்றிலும் கோடுகள் வரைந்த ஒரு வட்டத்தைக் காட்டி எது அழுத்தமாகத் தெரிகிறது என்று கேட்டார். சர்வேயர் சொன்னார். மச்சான் கை அப்படியே நின்றது. மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில்.

"அத்தான்," என்றார் மச்சான். குரலில் 'சார்' போயிருந்தது. "உங்க வலது கண்ணுல சாய்வு இருக்கு."

"என்ன சாய்வு?"

"படுக்கைக் கோடு உங்களுக்குக் கொஞ்சம் சரிவாத் தெரியும். ரொம்ப வருஷமா இருந்திருக்கும். கண்ணாடி போட்டா சரியாயிடும்." உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒரு மனிதன் வாழ்நாளில் ஒருமுறைதான் இப்படி ஒரு வெற்றியைப் பார்க்க முடியும். அதை வாய்விட்டுக் கொண்டாட முடியாமல், அக்காவை நினைத்து அடக்கிக்கொண்டதில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "கீழ்ப்பக்கமா சரிவு."

மச்சான் சோதனைச் சட்டத்தில் வில்லையைப் பொருத்தி அவர் மூக்கில் மாட்டிவிட்டு, கைப்பேசியில் கூழைக்கடாவின் முதல் படத்தை எடுத்து நீட்டினார். சர்வேயர் பார்த்தார். தள்ளிவைத்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எப்படி இருக்கு அத்தான்?"

"உன் கண்ணாடி சரியில்ல," என்றார் சர்வேயர்.

மச்சானுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைப் பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். சர்வேயர் சோதனைச் சட்டத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "சரி, அதையே போடு. சட்டம் மட்டும் அகலமா இருக்கட்டும். இது காதை அழுத்துது" என்றார். குறை சொல்லாமல் வாங்கினால் அது அவர் வாங்கிய பொருளாக இருக்காது.

புதுக் கண்ணாடியோடு உட்கார்ந்தார். முதல் இரண்டு மாலைகளில் ஒட்டியதைவிட உடைத்தது அதிகம். மூன்றாம் நாள் கை பழகியது. தேய்க்கத் தேய்க்கப் பிளாஸ்டிக் தூள் மடியில் விழுந்தது. இறக்கை பொருந்தியபோது அவர் வாயிலிருந்து ஒரு குறையும் வரவில்லை என்பதை மனைவி கவனித்தாள். எஞ்சின்களும் ஏறின. கடைசியில் மூக்கு மிச்சமிருந்தது. இரண்டு மூக்குகளும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நேராக இருப்பதை எடுப்பார், வைப்பார். தொங்குவதை எடுப்பார், வைப்பார். ஒரு வாரம் அப்படியே போயிற்று.

ஒருநாள் காலை ஷிப்ட் முடித்து வந்த மனைவி, கை கழுவிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எதை ஒட்டப்போறீங்க?"

"தொங்குறதைத்தான்," என்றார் சர்வேயர், ரோஷமாக. "சொன்ன வார்த்தை மாற மாட்டேன்." பசையைத் தடவினார். "கொஞ்சம் இப்படிப் புடி. காயுற வரைக்கும் அசையக் கூடாது. உன் கை நடுங்காது."

அவள் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவர் வயிற்றுப் பக்கத்தைத் தாங்கிக்கொண்டார். தலைகள் இரண்டும் முட்டும் அளவுக்குக் குனிந்திருந்தன. பல மாதங்களுக்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் புதுக் கண்ணாடியில் பார்த்தார்.

"எனக்கென்னவோ இது ரொம்பச் சப்பையா இருக்குங்க," என்றாள்.

"நீயுமா ஆரம்பிச்சிட்ட?"

"பயப்படாதீங்க. பொறக்கும்போது எல்லாத்துக்கும் சப்பைதான். தேங்காயெண்ணெய் தடவி நீவிவிட்டா சரியாயிடும்னு சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்புவேன்."

சர்வேயர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால், பிறகு தோள் குலுங்க. விமானமும் குலுங்கியது. அவளும் சிரித்தாள். விரலை எடுக்கவில்லை, ஆனால் விரல் எங்கே போனது என்று இருவரும் கவனிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தபோது பசை இறுகியிருந்தது. கூழைக்கடாவின் மூக்கு தொங்கவும் இல்லை, நேராகவும் இல்லை. அண்ணாந்து, ஏதோ வாசனை பிடிப்பதுபோல மேலே நோக்கி நின்றது.

அன்று சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தார். விமானத்தைச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"அத்தான், இந்த மூக்கு எந்த போட்டோல இருக்கு?"

"எதுலயும் இல்ல."

மச்சான் அந்த மூக்கை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "என் பெட்டியையும் கொண்டுவரவா?" என்று கேட்டார்.

"கொண்டு வா," என்றார் சர்வேயர். "ஆனா உங்க அக்காவைச் சிரிக்கச் சொல்லாதே."